குடும்பத்தார் முன்கூட்டிப் பேசவேண்டியன

சைவ பாடசாலை ஆசிரியர்காள்!

யாக்கை நிலையாமையை நாம் வகுப்பிலே பாடமாகச் சொல்லுகின்றோம். வீட்டிலோ அதனைப்பற்றி வாய்திறப்பதில்லை. முதுமையில் நம்மைப் பேணுவோர் யார், எங்கே பேணுவர், நமக்குப்பின் நம் பொருள் யாரைச் சேரும் என்பவற்றைப் பேசினால் அமங்கலம் என்று ஒதுக்கிவிடுகின்றோம். இவ்வொதுக்கத்தால் விளையும் கேட்டையும், அதனை நீக்கும் வகையையும் ஈண்டு ஆராய்வாம்.

மிசன் பள்ளிக்கூடத்திலே நாம் கணிதமும் ஆங்கிலமும் நன்றாகக் கற்றோம். இப்பாடத்தையோ வீட்டிலே பட்டே கற்றோம். எம் தந்தையார் வயற்காணியைத் தமையனாருக்கு என்று தமையனாரிடமும், தமக்கையாருக்கு என்று தமக்கையாரிடமும் வெவ்வேறு காலத்திற் சொல்லியிருந்தார். எழுத்து ஒன்றும் வைத்திலர். இருவரும் பொய் சொன்னாரல்லர். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடித்து வந்த மாலையே வார்த்தை தடித்தது. அதன்பின் தமக்கையார் நான்கு பொங்கலுக்கு எம் வாயிலை மிதித்திலர்.

தாயார் செய்தி இதனினும் துயருடையது. பாரிசவாதத்தால் அவர் பேச்சு அற்றுப்போயிற்று. மூக்கின்வழியே குழாயிட்டு உணவூட்டுவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று வைத்தியர் கேட்டார். தமையனார் ஒன்று சொன்னார். தமக்கையார் மற்றொன்று சொன்னார். நாம் விடை அறியாது நின்றோம். ஏழு கிழமை வைத்தியசாலைக் கட்டிலிலே குழாயோடு கிடந்து தாயார் இறந்தார். செத்தவீட்டுக்கு வந்த அயல்வீட்டு மூதாட்டியார் ஒருவர், "கோயில் மணி கேட்கிற இந்தத் திண்ணையிலேயே என் மூச்சுப் போகவேண்டும் என்று பூப்பறிக்கும்போதெல்லாம் சொல்லுவாளே, உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்றார். நாம் ஒருநாளும் கேட்டிலேம். ஆதலால் அவரும் சொல்லிற்றிலர்.

1. பொருள் பற்றி அறியவேண்டியன

வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில் 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயரின் 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் வலுப்பெற்றது. அது பொருளை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுக்கும். பெற்றோர் வழியாக வந்தது முதுசொம். பெண்ணுக்கு மணத்தின்போது கொடுத்தது சீதனம். மணவாழ்க்கையில் விலைகொடுத்துத் தேடியது தேடியதேட்டம். நம் சம்பளத்தால் வாங்கிய வளவு இம்மூன்றாவதிற் சேரும். இறந்தவருக்குரிய தேடியதேட்டத்தில், மரணசாதனத்தாலோ பிறவழியாலோ தீர்க்கப்படாது எஞ்சியதன் அரைவாசி உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ சேரும். மற்றை அரைவாசி உரிமையாளரைச் சேரும். இது 1911ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் வகுத்த முறை.

காணியை வாய்ச்சொல்லாற் கொடுத்தல் செல்லாது. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டப்படி காணியுறுதிக்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். மரணசாதனத்துக்கும் அவ்வாறே, நொத்தாரிசு இல்லாவிடத்து ஐந்து சாட்சிகள் ஒருங்கே இருந்து கையொப்பமிடல் வேண்டும். தந்தையார் இருவரிடம் சொன்ன சொல் பயன்படாது போனது இதனாலேயாம்.

உயிரோடிருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதுவோர், தமக்குச் சீவிய உரித்தை வைத்து எழுதுதல் நன்று. கொடுத்தபின் மனம்மாறினும் மீட்டல் எளிதன்று. மரணசாதனத்தையோ எழுதினவர் சுயபுத்தியோடு இருக்குமளவும் மாற்றலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளை கொடுக்கும் அற்றோணித் தத்துவமும், நாம் பிறருக்குக் கொடுப்பதும், கொடுத்தவர் இறந்தவுடன் ஒழிந்துவிடும். அதனை மரணசாதனமாக எண்ணி இருத்தல் பெரும்பிழை.

2. பேணுதல் பற்றி அறியவேண்டியன

2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன் என்கின்றது. தம்மைப் பேண இயலாத முதியோர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். ஆயினும் எத்திண்ணையில் கிடக்க விரும்புகின்றார், குழாய் வேண்டுமா வேண்டாவா, நினைவு தப்பினால் யார் சொல்லை வைத்தியர் கேட்கவேண்டும், கடைசி நேரத்தில் அருகிருந்து ஓதுவார் யார் என்பவற்றை எச்சட்டமும் அறியாது. அவற்றை உரியவரே சொல்லல் வேண்டும். சொன்னதை ஒரு தாளில் எழுதித் திகதியும் கையொப்பமும் இட்டு, பிள்ளைகள் எல்லாருக்கும் காட்டிவைத்தல் நலம்.

3. பேசும் முறை

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்தபின் நாம் இப்பேச்சைத் தொடங்கினோம். மகள் கண்கலங்கி, "ஏன் அப்பா இந்தக் கதை இப்பொழுது?" என்றாள். ஆச்சியின் திண்ணைக் கதையைச் சொன்னோம். அவள் மறுக்கவில்லை.

எம் மனைவியார் கனடாவிலுள்ள மகனிடம் போய் இருக்க விரும்புவார் என்றே நாம் பல்லாண்டு எண்ணியிருந்தோம். அவரோ, "நான் ஒரு இடமும் வரமாட்டேன், என்னை இந்த வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்றார். மகன் திரும்பி வாரான் என எண்ணிக் காணி முழுவதையும் மகளுக்கு எழுதக் கருதியிருந்தோம். தொலைபேசியில் அவன், "வீடு தங்கச்சிக்கே இருக்கட்டும். கிணற்றடிப் பக்கத்தில் எனக்கு இரண்டு பரப்பு விடுங்கள், அப்பா, வந்தால் நிற்க ஓரிடம் வேண்டும்" என்றான். இருவர் மனத்தையும் நாம் பிழையாகவே அறிந்திருந்தோம்.

இதனால் நாம் கற்றன மூன்று. நோய் வருமுன்னரே பேசுக. பிள்ளைகள் எல்லாரும் ஒருங்கே கேட்கப் பேசுக. ஒருவரைத் தனியே அழைத்துச் சொன்னது மற்றவருக்கு ஐயமாகும். நம் தீர்மானத்தைச் சொல்லுமுன் அவர் விருப்பத்தைக் கேட்க. அதன்பின்னரே நொத்தாரிசிடம் போகவேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. உம் வீட்டு உறுதிகள் எங்கே உள்ளன? அதனை அறிந்தோர் யாவர்?
2. உம் வளவு முதுசொமா, சீதனமா, தேடியதேட்டமா?
3. உம் பெற்றோர் எங்கே, யாரோடு இருந்து முதுமையைக் கழிக்க விரும்புகின்றனர்? அவர் வாய்ச்சொல்லாற் கேட்டீரா, நீரே ஊகித்தீரா?
4. உமக்கு நினைவு தப்பினால் யார் சொல்லை வைத்தியர் கேட்கவேண்டும்? அவருக்கு அதனைச் சொல்லிவைத்தீரா?

மூன்றாம் வினாவுக்கு விடை எழுதமாட்டாதார், பெற்றோர் உள்ளபோதே இவ்விடுமுறையில் அவர் அருகிருந்து கேட்பாராக. எமக்கு அந்நாள் கழிந்துபோயிற்று. திருவருள் உங்களுக்குத் துணைநிற்க.