அடைத்த வழியும் திறந்த வாயிலும்

திருவண்ணாமலைத் திருக்கோயிலுக்கு நாற்றிசையிலும் நான்கு பெருங்கோபுரங்கள் உண்டு. கிழக்கில் 217 அடி உயர்ந்த இராசகோபுரமும், மேற்கில் பேய்க்கோபுரமும், தெற்கில் திருமஞ்சன கோபுரமும், வடக்கில் அம்மணியம்மன் கோபுரமும் நிற்கின்றன. கூட்டம் நெருங்கி ஒரு வாயில் அடைபட்டால், ஊரை அறிந்தவர் சந்துகளின் வழியே சுற்றிச் சென்று மற்றொரு வாயிலை அடைய முயல்வர். உடம்பைக் கோயிலாகக் கண்டவர் திருமூலர். அக்கோயிலிலும் வழிகள் அடைபடுவதுண்டு. சுற்றிச் சென்று அவற்றைத் திறப்பாரும் உண்டு.

இதயம் நம் கைப்பிடி அளவே உடையது. ஆயினும் நாள்தோறும் ஏறத்தாழ 1,00,000 முறை துடித்து, உடல் முழுவதற்கும் குருதியை ஊட்டுகின்றது. ஊருக்கெல்லாம் சோறிடுவோரும் தாம் உண்டாலன்றிப் பணிபுரிய இயலாது. அதுபோல இதயத்தின் தசைக்கும் குருதி வேண்டும். அதனைக் கொணர்வன கரோனரித் தமனிகள். அவற்றின் உட்சுவரில் பல்லாண்டுகளாகக் கொழுப்புப் படிந்து வழி குறுகும். அவ்வழி முற்றும் அடைபடுவது இருவகையில் நிகழும். படிவு திடீரெனப் பிளந்து, அதன்மேற் குருதி உறைந்து அடைப்பது ஒன்று. சிறுகச் சிறுக மூடி, மூன்று திங்களுக்கு மேலாக அடைபட்டே கிடப்பது மற்றொன்று.

மார்பைப் பிளவாமலே இதயத்தை எட்டலாம் என்னும் உண்மை ஒருவரது துணிவால் விளங்கிற்று. 1929-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர், கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாயைத் தம் கைச்சிரையின் வழியே இதயம் வரை தாமே செலுத்தி, எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்து சென்று படம் எடுத்துக்கொண்டார். அன்று பலர் இகழ்ந்தனர். 1956-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1977 செப்டம்பர் 16-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் என்பார், குழாயின் நுனியிற் சிறு பலூனைப் பொருத்திக் குறுகிய தமனியை விரித்தார். அவரிடம் பயின்ற மருத்துவர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-இல் சென்னையில் இம்முறையைத் தொடங்கினார். இந்திய ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை எனப் போற்றப்பெற்ற அவர் 2025-இல் மறைந்தார்.

திடீர் அடைப்பிற் காலமே உயிர். தசை மணிக்கு மணி மடியும். மடிந்த தசை மீள்வதில்லை. ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவமனையை அடைந்தவர்க்கு 90 நிமிடங்களுக்குள் அடைப்பைத் திறத்தல் வேண்டும் என்பது மருத்துவ நெறி. அத்தகைய மருத்துவமனைக்குத் தொலைவில் வாழும் சிற்றூரார் என் செய்வர்? அவர் பொருட்டுத் தமிழ்நாட்டில் ஒரு முறை ஆராயப்பட்டது. அருகிலுள்ள மருத்துவமனையில் உறைவைக் கரைக்கும் மருந்தை ஊசிவழி ஏற்றி, பின்னர் ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிக் குழாய்வழிச் சிகிச்சை அளிப்பதே அது. 2,420 நோயாளரைப் பற்றிய அவ்வாய்வு 2017-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தோர் தொகை நூற்றுக்கு 17.6-இலிருந்து 14.2 ஆகக் குறைந்தது.

நாட்பட்ட அடைப்போ வேறு இயல்பினது. அங்கே இதயம் தானே மாற்றுவழி தேடிக்கொள்கின்றது. அண்டைத் தமனிகளின் நுண்கிளைகள் பெருகி, அடைப்புக்கு அப்பாலுள்ள தசைக்குக் குருதி கொணர்கின்றன. ஓய்வுக்குப் போதும் அக்குருதி உழைப்புக்குப் போதாது. 14 கி.மீ. கிரிவலப் பாதையை எளிதாக வலம்வந்தவர், சிறிது நடந்தவுடனே நெஞ்சைப் பிடித்து அமர்வார். மருத்துவர், மணிக்கட்டு அல்லது தொடையின் தமனி வழியே நுண்கம்பியைச் செலுத்தி, கெட்டிப்பட்ட அடைப்பை ஊடுருவ முயல்வர். முன்புறம் இடங்கொடாதாயின், அந்நுண்கிளைகளின் வழியே சுற்றிச் சென்று பின்புறமாக ஊடுருவுவர். இப்பின்வழி முறையைச் சிறக்க வளர்த்தவர் ஜப்பானிய மருத்துவர். கிழக்கு வாயில் அடைபட மேற்கு வாயிலை நாடுவார் செயலன்றோ இது! கம்பி சென்றபின் பலூன் வழியை விரிக்கும். ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழல் அதனைத் தாங்கி நிற்கும்.

கைதேர்ந்தோர் முயன்றால் இத்தகைய அடைப்புக்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை திறக்கின்றன. திறந்ததனால் ஆய பயன் யாது? 2018-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், மருந்து மட்டும் உண்டோரினும் அடைப்புத் திறக்கப்பெற்றோர்க்கு நெஞ்சுவலி குறைந்தது. அன்றாட வாழ்வு எளிதாயிற்று. 2019-இல் வெளிவந்த ஆசிய ஆய்விலோ இறப்புக் குறைந்ததாகக் காணப்படவில்லை. தமனி துளைபடுதல், சாயமருந்தாற் சிறுநீரகம் நலிதல் முதலிய இடர்களும் இச்சிகிச்சையில் உள. ஆதலின் மருந்தாலேயே வலி தணிந்தவர் இதற்கு விரைதல் வேண்டா. மருந்துண்டும் வலி தீராதார்க்கே இது பெரிதும் பயன்படும்.

ஆகவே, ஒரு நோய்க்கு விரைவு மருந்து. மற்றொன்றுக்கு ஆராய்ச்சி மருந்து. நெஞ்சை அழுத்தும் வலி தோன்றி, வியர்வை பெருகி, இடக்கையிலும் தாடையிலும் பரவுமாயின், வாயு என்றெண்ணிக் கசாயம் காய்ச்சிப் பொழுதைக் கழித்தல் பெரும்பிழை. உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும். வழி திறக்கப்பெற்றவரும் புகைத்தலை ஒழித்து, மருந்தை விடாது உண்ணல் வேண்டும். வாயிலைத் திறப்பது மருத்துவர் கடன்; அது மீண்டும் அடையாமற் காப்பது நம் கடன்.