ஆரம்பக் கல்வி: செலவுக்கேற்ற பயன் எது?

பிள்ளை வாசிக்கவும் கணக்குச் செய்யவும் தடுமாறினால் பெற்றார் பல வழிகளைத் தேடுவர். புதிய நூல், கணினி, மாலை வகுப்பு என ஒவ்வொன்றுக்கும் செலவுண்டு. பணமோ அளவானது. ஆகவே, 'எது பயன் தரும்?' என்று கேட்பதோடு, 'செலவழித்த பணத்துக்கு எது கூடிய பயன் தரும்?' என்றும் கேட்கவேண்டும்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கல் கிரேமர் ஆகியோர் இத்தகைய வினாக்களைக் கள ஆய்வு மூலம் சோதித்தனர். ஒரு திட்டத்தைப் பெறும் பாடசாலைகளைக் குலுக்கல் முறையில் தெரிவுசெய்து, ஏனைய பாடசாலைகளோடு ஒப்பிடுவதே அவர்களது முறை. வறுமை ஒழிப்பில் இம்முறையைக் கையாண்டமைக்காக 2019இல் மூவரும் பொருளியல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் பங்குகொண்ட சில ஆய்வுகளின் முடிவுகள் வருமாறு:

1. பாடநூல்: கென்யாவில் இலவசப் பாடநூல் வழங்கியும் சராசரிப் புள்ளி உயரவில்லை, முன்னணி மாணவரே பயனடைந்தனர். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பலருக்கு அது மூன்றாம் மொழி.

2. பூச்சி மருந்து: கென்யாவில் மிகக் குறைந்த செலவில் பாடசாலைக்கு வராமை காற்பங்கு குறைந்தது. ஆனால் பரீட்சைப் புள்ளி உயரவில்லை. வருகையும் கற்றலும் ஒன்றல்ல.

3. கணினி: இந்தியாவின் வதோதரா நகரில், வாரத்தில் இரண்டு மணிநேரம் கணினியில் கணித விளையாட்டு. கணிதப் புள்ளி நன்கு உயர்ந்தது. பிள்ளைக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 15 டொலர்.

4. பாலசகி: 'பிள்ளையின் தோழி' என்பது பொருள். மும்பாய், வதோதரா நகரங்களில், இடைநிலைக் கல்வி முடித்த உள்ளூர் இளம் பெண்கள், பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு மணிநேரம் அடிப்படையைக் கற்பித்தனர். செலவு ஏறத்தாழ 2.25 டொலர் மட்டுமே. மிகப் பின்தங்கிய பிள்ளைகளே கூடுதலாக முன்னேறினர்.

கணிதத்தில் கணினி தந்த உயர்வு சற்று அதிகம். ஆயினும், ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு செலவில் நல்ல பயன் தந்ததால் ஒப்பீட்டில் பாலசகியே முந்துகிறாள். திட்டம் முடிந்து ஓராண்டில் இரண்டின் பயனும் பெரிதும் குறைந்தது என்பதையும் மறக்கலாகாது. கற்பித்தல் தொடரவேண்டும்.

இம்முடிவுகளை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அவை காட்டும் வழி தெளிவானது: வகுப்புக்குரிய பாடத்தை அல்ல, பிள்ளை நிற்கும் படியைக் கண்டு அங்கிருந்து தொடங்கவேண்டும். வீட்டில் தம்பி தங்கைக்கு அதைச் செய்ய, க.பொ.த. சாதாரண தரம் முடித்த ஓர் அக்காவே போதும்.