உணர்வுக்கு ஒரு ஸ்லிப் கேஜ் உண்டா?



வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்ததும் முதலில் ஜீரோ எரர் பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் ஸ்லிப் கேஜ் வைத்துச் சரிபார்க்கிறோம். ஒரு இரும்புத் துண்டுக்கே இவ்வளவு பார்க்கிற நாம், வேலைக்கான தேர்வில் "உன் உணர்வு நுண்ணறிவு இவ்வளவுதான்" என்று ஒரு மார்க்கை நீட்டினால், எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

உணர்வு நுண்ணறிவு என்றால் என்ன?

'நல்ல பையன், யாரிடமும் கோபப்பட மாட்டான்' என்பதல்ல இதற்குப் பொருள். இதை 1990-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தவர்கள் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். டேனியல் கோல்மனின் புத்தகம் 1995-ல் வந்த பிறகுதான் உலகமெங்கும் பேச்சானது. சாலவேயும் மேயரும் 1997-ல் இதை நான்கு திறமைகளாகப் பிரித்தார்கள்:

1. முகத்திலும் குரலிலும் தெரியும் உணர்வைக் கண்டுபிடிப்பது.
2. உணர்வைச் சிந்தனைக்குத் துணையாகப் பயன்படுத்துவது.
3. எந்த உணர்வு எதனால் வருகிறது, எதுவாக மாறும் என்று புரிந்துகொள்வது.
4. தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கையாளுவது.

அளக்க இரண்டு வழி

முதல் வழி, ஆளையே கேட்பது. 'மற்றவர் மனதை எளிதில் புரிந்துகொள்வேன்: ஆம் / இல்லை.' இதில் ஒரு சங்கடம். வெர்னியரில் ஜீரோ எரர் எல்லா அளவுக்கும் ஒன்றுதான், கழித்துவிடலாம். இங்கே ஆளுக்கு ஆள் எரர் வேறு! அடக்கமானவன் குறைத்துச் சொல்வான், வாய்ச்சவடால்காரன் கூட்டிச் சொல்வான். எதைக் கழிப்பது?

இரண்டாவது வழி, கணக்குப் பரீட்சை மாதிரி செய்யச் சொல்லிப் பார்ப்பது. மேயர், சாலவே, டேவிட் கரூசோ மூவரும் 2002-ல் வெளியிட்ட தேர்வு இந்த வகை. 141 கேள்விகள், 8 பகுதிகள், ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு பகுதி. ஒரு முகத்தின் படத்தைக் காட்டி, அதில் எந்த உணர்வு எவ்வளவு தெரிகிறது என்று கேட்பார்கள்.

இரண்டு வழியும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா? கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தத் தேர்வுக்கும் சுயமதிப்பீட்டு வினாத்தாள் ஒன்றுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு வெறும் 0.21. முழுப் பொருத்தம் என்றால் 1 வரவேண்டும். ஆக, தன்னைப் பற்றி நினைப்பது வேறு, கையில் இருக்கும் திறமை வேறு!

சரியான விடை எது?

இங்கேதான் சிக்கலே. நான் எழுதிய மாதிரிக் கேள்வி ஒன்று: நண்பர்கள் இருவரில் ஒருவனுக்கு வேலை கிடைத்தது, மற்றவனுக்கு இல்லை. வேலை கிடைத்தவன் என்ன செய்யலாம்? (அ) அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது (ஆ) உடனே ஆறுதல் சொல்வது (இ) அவனாகப் பேசும்வரை கூடவே இருப்பது.

கணக்கு மாதிரி 'இதுதான் விடை' என்று அடித்துச் சொல்ல முடியுமா? அதனால் இரண்டு முறை வைத்தார்கள். ஒன்று, பெரும்பான்மை முறை. நூற்றுக்கு 60 பேர் (இ) என்றால், அதைத் தேர்ந்தவருக்கு 0.60 மார்க். மற்றொன்று, உணர்வு பற்றி ஆராயும் 21 நிபுணர்களின் விடையோடு ஒப்பிடுவது. இரண்டு முறையிலும் மார்க் பெரும்பாலும் ஒத்தே வந்தது. ஆனாலும் கேள்வி தீரவில்லை. ஊரே கவனிக்காததை ஒருவன் மட்டும் நுட்பமாகக் கவனித்தால், பெரும்பான்மை முறையில் அவனுக்கு மார்க் குறையும்! வேறு ஊர், வேறு பழக்கத்தில் வளர்ந்தவனுக்கும் இதே கதிதான். ஸ்லிப் கேஜையே கூட்டத்தின் கருத்தை வைத்துச் செய்தது போலத்தான் இது.

இன்னொன்று: பரீட்சை ஹாலில் சரியான விடை தெரிந்தவன், ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசர் திட்டும்போது அப்படியே நடப்பான் என்று உறுதி இல்லை. தெரிவது வேறு, செய்வது வேறு.

அதற்காக இந்தத் தேர்வு வீண் என்று தூக்கிப் போடவும் வேண்டாம். ஆளைக் கேட்பதைவிட, செய்யச் சொல்லிப் பார்ப்பது ஒரு படி மேல்தான். ஆனால் நாளை யாராவது உங்களுக்கு இப்படி மார்க் போட்டால், மூன்றைக் கேளுங்கள்: என்னைக் கேட்டு அளந்தீர்களா, செய்யச் சொல்லி அளந்தீர்களா? சரியான விடையை யார் முடிவு செய்தது? அது எந்த ஊர் மக்களை வைத்து?

பதில் கிடைக்கும்வரை அந்த மார்க்கை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். சரிபார்க்காத கருவி காட்டும் ரீடிங்கை ரெக்கார்ட் நோட்டில் எழுதக்கூடாது என்றுதானே நாம் படித்திருக்கிறோம்!