கெர்னலின் கணக்கு வழக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே புரோகிராம் எடுத்துக்கொள்ளும் மெமரிக்கு ‘டாப்’ கட்டளை ஒரு கணக்கும் ‘ஸ்மேப்ஸ்’ கோப்பு வேறொரு கணக்கும் சொல்கிறதே, மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கே எண்ணத் தெரியாதா என்று கேட்டிருந்தாய். நன்றாகவே தெரியும். ஆனால் எண்ணுவதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவை எங்கே செய்வது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று முடிவு செய்வதில்தான் வித்தை இருக்கிறது. லினக்ஸை வைத்தே விளக்குகிறேன். அதன் நிரலை யாரும் திறந்து படித்துச் சரிபார்க்கலாம்.

முதலில், எண்ணப்படுவது எது? கெர்னல் மெமரியைப் பக்கம் பக்கமாகக் கொடுக்கிறது. உன் மடிக்கணினியில் ஒரு பக்கம் 4 கேபி. 16 ஜிபி மெமரி என்றால் ஏறத்தாழ 42 லட்சம் பக்கங்கள். புரோகிராம் கேட்ட உடனே பக்கம் கைக்கு வந்துவிடாது. அந்த முகவரியை முதன்முறை தொடும்போது ‘பேஜ் ஃபால்ட்’ எழும். அப்போதுதான் கெர்னல் ஒரு பக்கத்தை எடுத்துப் பொருத்தி, அந்தப் புரோகிராமின் கணக்கில் ஒன்று கூட்டும். பக்கம் திரும்பி வந்தால் ஒன்று கழிக்கும். கோப்புப் பக்கங்கள், சொந்தப் பக்கங்கள், பகிர்வுப் பக்கங்கள் என்று தனித்தனியே எண்ணி, அவற்றைக் கூட்டி ‘டாப்’பின் ‘ரெஸ்’ பத்தியில் காட்டுகிறது.

ஒன்று கூட்டுவதில் என்ன கஷ்டம் என்பாய். பழைய எண்ணைப் படிக்க வேண்டும், ஒன்று சேர்க்க வேண்டும், திரும்ப எழுத வேண்டும். செயலியின் இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் 100 என்று படித்து, ஆளுக்கொன்று சேர்த்து, இரண்டுமே 101 என்று எழுதினால் ஒரு பக்கம் கணக்கில் விட்டுப்போகும். இதைத் தடுப்பதற்கென்றே ‘அடாமிக்’ கூட்டல் இருக்கிறது. ஒரு கோர் முடிக்கும்வரை இன்னொன்று குறுக்கே வராது, கணக்குப் பிசகாது. ஆனால் அந்த எண் இருக்கும் கேஷ் வரி (செயலியின் வேக மெமரியில் ஒரு துண்டு), கூட்டுகிற கோரிடம் ஒவ்வொரு முறையும் போய்ச் சேர வேண்டும். நூறு கோர்கள் ஓயாமல் ஒரே எண்ணைத் தொட்டால், வேலை செய்யும் நேரத்தை அந்த வரிக்காகக் காத்திருக்கும் நேரம் விழுங்கிவிடும்.

இதற்குக் கெர்னல்காரர்கள் கண்ட வழி, மண்டிக் கணக்குப்பிள்ளைக்குப் பழகிய வழிதான். ஒவ்வொரு கோருக்கும் தனிச் சிட்டை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு பேரேடு. அன்றாட வரவு செலவு சிட்டையில் நடக்கும். ஒரு வரம்பு சேர்ந்ததும் மொத்தத்தையும் பேரேட்டில் ஏற்றிவிட்டுச் சிட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கேட்பவருக்குப் பேரேட்டை மட்டும் காட்டினால் போதும். 2010-இல் வந்த 2.6.34 பதிப்பில் சிட்டை புரோகிராமுக்குள் ஓடும் ஒவ்வொரு த்ரெட்டிடமும் இருந்தது. 64 பேஜ் ஃபால்ட்டுக்கு ஒருமுறை பேரேட்டில் ஏறியது. 2023 பிப்ரவரியில் வந்த 6.2 முதல் சிட்டை கோருக்கு ஒன்றாக மாறியது.

பேரேடு இப்படிச் சற்றுப் பின்தங்கியே நிற்கும். எவ்வளவு என்று போட்டுப் பார்ப்போம். வரம்பு 32, அல்லது கோர் எண்ணிக்கையின் இரு மடங்கு. இரண்டில் எது பெரிதோ அது. 4 கோர் மடிக்கணினியில் ஒரு கணக்குக்குப் பிழை அதிகம் போனால் 4 × 32 = 128 பக்கம், அதாவது அரை எம்பி. யாருக்கும் கவலையில்லை. 128 கோர் சர்வரில் வரம்பு 256. பிழை 128 × 256 = 32,768 பக்கம் வரை, 128 எம்பி வரை போகலாம். சில ஏ.ஆர்.எம். சர்வர்களில் ஒரு பக்கமே 64 கேபி. அங்கே அதே பிழை 2 ஜிபி! இத்தகைய பெரிய இயந்திரங்களில் கோர்கள் இரு மடங்கானால் பிழை நான்கு மடங்காகிறது என்பதைக் கவனி.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 64 கேபி பக்கமும் ஏராளமான கோர்களும் கொண்ட இயந்திரங்களில், ஓடிக்கொண்டிருக்கும் சில புரோகிராம்களுக்கு ‘டாப்’ பூஜ்யம் என்று காட்டியது. காரணம் உனக்கே புரிந்திருக்கும். 64 கேபி வீதம் 256 பக்கம் என்றால் 16 எம்பி. ஒரே கோரில் ஓடும் சிறிய புரோகிராம் அந்த அளவை எட்டாவிட்டால், அதன் கணக்கு முழுவதும் சிட்டையிலேயே கிடக்கும். பேரேட்டில் ஒரு வரிகூட விழாது. 2025-இல் இதற்குத் திருத்தம் வந்தது. கூட்டும் முறையை அவர்கள் தொடவில்லை. பயனர் கேட்டுப் படிக்கும்போது மட்டும் எல்லாச் சிட்டைகளையும் கூட்டிச் சொல்லும்படி மாற்றினார்கள். கூட்டல் ஒவ்வொரு பேஜ் ஃபால்ட்டிலும் நடக்கிறது, படிப்பது எப்போதாவது நடக்கிறது. எப்போதாவது நடப்பதன் தலையில் செலவை ஏற்றினால் யாருக்கும் வலிக்காது.

பிழை வெறும் அசௌகரியமாக இல்லாமல் ஆபத்தாகும் இடமும் உண்டு. மெமரியில் காலிப் பக்கங்கள் எத்தனை என்ற கணக்கும் இதே முறையில்தான் நடக்கிறது. அங்கே ஒரு கோரின் சிட்டை ஒரே ஒரு பைட். அதனால் வரம்பு 125-ஐத் தாண்டாது. வினாடிக்கு ஒருமுறை பேரேட்டிலும் ஏறிவிடும். ஆனாலும் 100 கோர்கள் சேர்ந்தால் 12,500 பக்கம் தவறலாம். மெமரி தீரும் தறுவாயில் இது பொல்லாதது. கெர்னல் கடைசிக் கையிருப்பு என்று கொஞ்சம் பக்கங்களைத் தொடாமல் வைத்திருக்கும். மெமரியை மீட்கும் வேலைக்கே சிறிது மெமரி தேவை என்பதால்தான் அந்த ஏற்பாடு. இருப்பதைவிட அதிகமாகப் பேரேடு காட்டினால் கையிருப்பும் கரைந்து, இயந்திரம் அப்படியே நின்றுபோகலாம். எனவே 2010-இல் ஒரு மாற்றம் செய்தார்கள். காலிப் பக்கங்கள் ஆபத்துக் கோட்டை நெருங்கும்போது மட்டும், பேரேட்டை நம்பாமல் சிட்டைகளையும் சேர்த்து எண்ண வேண்டும். மெமரி தாராளமாக இருக்கும்போது தோராயமே போதும்.

இன்னொரு விஷயம். எண் துல்லியமாக இருந்தும் கணக்குத் தப்பலாம். சி நூலகம் போன்ற ஒரே பக்கத்தொகுப்பை நூறு புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும். ‘ரெஸ்’ ஒவ்வொன்றின் கணக்கிலும் அதை முழுதாக எழுதும். எல்லாவற்றையும் கூட்டினால் இயந்திரத்தில் உள்ள மெமரியையே தாண்டிவிடக்கூடும். 2008-இல் வந்த 2.6.25 இதற்குப் பங்குக் கணக்கைக் கொண்டுவந்தது: 100 பக்கத்தை நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 25. அதைப் போலவே, காலி மெமரியைக் காட்டும் ‘மெம்ஃப்ரீ’ எண் சிறுத்திருப்பதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். சும்மா கிடக்கும் மெமரியைக் கெர்னல் கோப்புகளின் கேஷுக்குப் பயன்படுத்தியிருக்கும்; கேட்டால் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2014-இல் 3.14 பதிப்பில் ‘மெம்அவைலபிள்’ வந்தது. அது ஒரு மதிப்பீடுதான். ஆனால் இன்னும் எவ்வளவு மெமரி கிடைக்கும் என்ற கேள்விக்கு அதுவே பதில்.

இத்தனை தளர்வுக்கு நடுவிலும் ஓரிடத்தில் கெர்னல் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு புரோகிராம் முடிந்து அதன் பக்கங்கள் எல்லாம் திரும்பியதும் எல்லாச் சிட்டைகளையும் கூட்டிப் பார்க்கும். பூஜ்யம் வரவில்லை என்றால் நிரலில் எங்கோ ஒரு கூட்டலோ கழித்தலோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். உடனே பதிவேட்டில் பிழையென்று எழுதிவிடும். நடுவில் பின்தங்கலாம், முடிவில் ஒரு பக்கம்கூட உதைக்கக் கூடாது.

ஆகவே தம்பி, தினப்படிப் பார்வைக்கு ‘டாப்’ போதும். ஒரு புரோகிராம் மெமரியைக் கசியவிடுகிறதா என்று ஆராயும்போது ‘ஸ்மேப்ஸ்’ அல்லது அதன் மொத்தத்தை மட்டும் தரும் ‘ஸ்மேப்ஸ் ரோலப்’ படி. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று குறித்திருக்கும் பக்க அட்டவணையையே அது நடந்து பார்த்து எண்ணுவதால் மெதுவானது, ஆனால் நம்பலாம். வினாடிக்கு வினாடி அதை ஓட்டி இயந்திரத்தை வதைக்காதே. நாளை நீ எழுதும் நிரலிலும் ஓர் எண்ணிக்கையை வைக்கும் முன், அதை யார் படிப்பார்கள், எத்தனை முறை மாறும், தவறினால் நஷ்டம் யாருக்கு என்று கேட்டுக்கொள். இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகே சிட்டை வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்.

அன்புடன்,
உன் அண்ணன்