கிளட்ச் மாற்றும்போது வெட்டுப்பட்ட பேரிங் குழி: பட்டறையின் பொறுப்பு எதுவரை?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் சொந்த லாரியைத் தாமே ஓட்டிப் பிழைக்கும் வாசகர் ஒருவர், சேலத்தில் உள்ள பட்டறை ஒன்றில் கிளட்ச் செட் மாற்றிய சில வாரங்களிலேயே, கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் அரைக்கும் சத்தம் எழுந்து கியர் விழாமல் போனதாக எழுதியுள்ளார். வேறொரு மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது, கிராங்க் ஷாஃப்ட் முனையில் பைலட் பேரிங் அமரும் குழியில் உளி வெட்டுகளும், அதில் பிடிப்பின்றி ஆடிய புதுப் பேரிங்கும் தெரிந்தன. பழைய பேரிங் இறுகியிருந்ததால் உடைத்தே எடுக்க வேண்டியிருந்தது, அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்பது பட்டறையின் வாதம். இழப்பீடு பெற வழி உண்டா என்று அவர் கேட்கிறார்.

பதில்: உண்டு. ஆனால் அந்த வழி, பேரிங் உடைந்தது என்பதிலிருந்து அன்று, குழி வெட்டுப்பட்டது என்பதிலிருந்தே தொடங்குகிறது. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்கி நிற்கும் சிறு பேரிங்கே பைலட் பேரிங் எனப்படுகிறது. அது இஞ்சினின் வகையைப் பொறுத்து ஃபிளைவீலின் நடுவிலோ கிராங்க் ஷாஃப்டின் பின்முனையிலோ அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். கிளட்சை மிதித்து இஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிக்கும்போது ஒன்று சுழல மற்றொன்று நிற்க வேண்டியிருப்பதால், அந்த வேக வேறுபாட்டை இந்தப் பேரிங்தான் ஏற்கிறது. அதனால்தான் அது பழுதுபட்டால் கிளட்சை மிதிக்கும்போது சத்தம் கேட்கிறது. கழற்றிய பழைய பேரிங்கை மீண்டும் பொருத்துவது வழக்கமில்லை. ஆகவே அது உடைந்தது என்பதை மட்டும் வைத்துக் கவனக்குறைவைக் காட்ட இயலாது. பின்புறம் அடைபட்ட குழி என்பதால் அதை மறுபக்கத்திலிருந்து தட்டி வெளியேற்ற முடியாது என்பதும், உள்ளே விரியும் கொக்கிகளைக் கொண்ட புல்லராலோ, குழியில் கிரீஸ் நிரப்பிப் பொருத்தமான உருளையை அடித்து அதன் அழுத்தத்தாலோ வெளியே கொண்டுவர வேண்டும் என்பதும் இத்தொழிலில் உள்ளோர் அறிந்தவையே. உட்பகுதி சிதறி வெளிவளையம் மட்டும் ஒட்டி நிற்கும் நிலையில் பணி கடினமாவது உண்மைதான். எனினும், அந்த வளையத்தோடு சேர்த்துக் குழியின் சுவரையும் உளியால் வெட்டுவதற்கோ, வெட்டியபின் அதிலேயே புதுப் பேரிங்கைப் பொருத்தி, உரிமையாளரிடம் ஒரு சொல்லும் கூறாமல் வண்டியை அனுப்புவதற்கோ அந்தக் கடினம் நியாயமாகாது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, பழுதுபார்க்க வண்டியைப் பட்டறையில் விடுவது ஒப்படைப்பு எனும் சட்ட உறவை உண்டாக்குகிறது. உரிமை மாறாமல் ஒரு பொருள் குறித்த நோக்கத்துக்காக மற்றொருவர் கைக்குச் சென்று, நோக்கம் முடிந்ததும் திரும்ப வேண்டும் என்பதே அதன் பொருள். பெற்றவர், தம் சொந்தப் பொருளிடத்தில் இயல்பான விவேகமுள்ள ஒருவர் காட்டும் கவனத்தைக் காட்ட வேண்டும் என்கிறது பிரிவு 151. தொழில்திறன் உள்ளவராகத் தம்மை முன்வைத்துக் கூலி பெறுபவரிடம், அத்தொழிலில் சராசரித் திறமையுள்ளவரின் கவனம் எதிர்பார்க்கப்படும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11), நுகர்வோருக்கு இழப்பை விளைவிக்கும் கவனக்குறைவோடு, தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாட்டில் சேர்க்கிறது. வெட்டுப்பட்டதை அறிந்தே மறைத்தார்கள் என்று நிறுவ முடிந்தால், அந்த இரண்டாம் கூறும் வாசகருக்குத் துணையாகும்.

பட்டறை முதலில் எழுப்பக்கூடிய ஆட்சேபணை, லாரி வணிகத்துக்கானது என்பதால் அதன் உரிமையாளர் நுகர்வோரே அல்லர் என்பதாகும். லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் வழங்கிய தீர்ப்பு, தாமே ஓட்டிப் பிழைப்பதற்காக லாரி வாங்குபவர் நுகர்வோரே என்று எடுத்துக்காட்டுடன் கூறியுள்ளது; உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதும் அந்தத் தகுதியைப் பறிக்காது. சுயதொழிலுக்கான இந்த விலக்கைக் கூறும் விளக்கத்தில், பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருள்களோடு சேவைகளையும் குறிப்பிட்டிருக்க, 2019 சட்டம் வாங்கிப் பயன்படுத்தும் பொருள்களை மட்டுமே குறிப்பிடுவதால், எதிர்த்தரப்பு அந்த இடைவெளியைப் பயன்படுத்த முயலலாம். பிழைப்புக்கான வண்டியின் பழுதுநீக்கத்துக்கு, அவ்வண்டியின் நோக்கத்திலிருந்து வேறான வணிக நோக்கம் இருக்க முடியாது என்பதே அதற்கு வலுவான மறுமொழி. பல லாரிகளை ஓட்டுநர்களைக் கொண்டு இயக்கும் நிறுவனமாயின் நிலைமை வேறு. அது உரிமையியல் நீதிமன்றத்தை நாடுவதே பாதுகாப்பானது.

இழப்பீட்டின் அளவை ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73 வரையறுக்கிறது. குழியைச் சீர்செய்யவோ கிராங்க் ஷாஃப்டை மாற்றவோ ஆகும் செலவும், இன்புட் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் அதன் விலையும், இரண்டாம் முறை கியர்பாக்ஸ் இறக்கிய கூலியும் இயல்பாக விளையும் இழப்புகள். வண்டி நின்ற நாள்களின் வாடகை இழப்பையும் கோரலாம். வாடகைக்கு ஓடும் லாரி என்பதைப் பட்டறை அறிந்தேதான் வேலையை ஏற்றது. ஆனால் இழப்பைக் குறைக்கக் கையிலிருந்த வழிகளையும் அதே பிரிவு கணக்கில் எடுப்பதால், வழக்கு முடியும்வரை வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு மாதக்கணக்கான வாடகையைக் கேட்பது ஏற்கப்படாது.

வழக்கின் பலவீனமான இடம் சான்றுதான். இரண்டாம் மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கியபோது முதல் பட்டறையினர் உடனில்லை. வெட்டு அந்த இரண்டாம் மெக்கானிக்கின் கைவேலை என்று அவர்கள் கூற வாய்ப்புண்டு. எனவே குழியைச் சீர்செய்வதற்கு முன்பே, ஒரு நாளைக் குறித்து வந்து பார்க்குமாறு சேர்ந்ததற்கான சான்றுடன் கூடிய விரைவுத் தபாலில் அவர்களுக்கு அறிவிப்பு அனுப்பி, வந்தாலும் வராவிட்டாலும் அந்நாளில் தகுதியுள்ள ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரைக் கொண்டு அளவெடுத்து, படங்களுடன் அறிக்கை பெறுவது இன்றியமையாதது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 39 நிபுணர் கருத்தையும், பிரிவு 63 கைப்பேசிப் படம் போன்ற மின்னணுப் பதிவுகளுக்கு வேண்டிய சான்றிதழையும் பற்றியவை. நுகர்வோர் ஆணையத்தில் விசாரணை சுருக்கமானது என்றாலும் அச்சான்றிதழை இணைத்துவிடுவது நல்லது. முதல் பட்டறை தந்த பில்லும் வேலை அட்டையும் பைலட் பேரிங்கைக் குறிப்பிடுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். குறிப்பிட்டிருந்தால், அந்தக் குழியில் கை வைத்தது யார் என்ற கேள்விக்கு அவர்களின் தாளே விடை சொல்லும்.

பட்டறை சேலத்தில் இருந்தாலும், முறையிடுபவர் வசிக்கும் இடத்திலேயே மனு அளிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 இடமளிப்பதால், நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையே அணுகலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரிவு 69-இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு தாக்கலாக வேண்டும். அதுவரை கழற்றிய புதுப் பேரிங்கையும், கிடைத்தால் பழைய பேரிங்கின் துண்டுகளையும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடாமல் வாசகர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.