புழுங்கல் அரிசி புகட்டும் பாடம்

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுகாதாரம், சத்துணவு, அறிவியல் ஆகிய மூன்றும் கற்பிக்கப்படுகின்றன. "கைகளைக் கழுவு, கீரையை உண், காலை உணவைத் தவிர்க்காதே" என்று பாடநூல் கூறுகின்றது; ஆசிரியர் கூறுகின்றார்; பெற்றோர்களாகிய நாமும் கூறுகின்றோம். தேர்வில் கேட்டால் பிள்ளைகள் பிழையின்றி விடை எழுதுகின்றனர். ஆயினும், அதே பிள்ளை வீட்டில் கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கின்றது. காரணம் என்ன? அது சொல்லப்பட்டதை மனனம் செய்ததேயன்றி, மெய்தானா என்று தானே கண்டறியவில்லை.

சுகாதாரமும் சத்துணவும் பிள்ளைகளின் பழக்கமாக வேண்டுமானால், அவற்றைச் சோதித்துப் பார்க்கும் அறிவியல் வழியில் கற்பிக்க வேண்டும். இதுவே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்து. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே, அதுவும் நம் முன்னோர் உண்ட சோற்றிலேயே, தக்கதொரு சான்று இருக்கின்றது.

பெரிபெரி என்னும் கொடுநோய்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவைப் பெரிதும் வாட்டியது. இந்நோய் கண்டோருக்குக் கால்கள் மரத்து வலுவிழக்கும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் தளர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இதற்கு இரையாயினர். தோட்டங்களில் உழைத்த தமிழரையோ இந்நோய் அரிதாகவே தாக்கியது. அவர்களுடைய வாழ்வும் எளிதானதன்று. மலேரியாவும் கொக்கிப்புழுவும் அவர்களுள் பலரைப் பலிகொண்டன. அவ்வாறிருக்க, பெரிபெரி மட்டும் அவர்களை விட்டு விலகி நின்றது ஏன்?

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். சுரங்கத் தொழிலாளர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டதோ நெல்லை வேகவைத்து, உலர்த்தி, பின்னர் உமி நீக்கிய புழுங்கல் அரிசி. நோய்க்கும் அரிசிக்கும் தொடர்பு உண்டு என்று அவர் துணிந்தார். அது சரியே. ஆனால், பழைய வெள்ளை அரிசியில் ஒருவகை நஞ்சு உண்டாகின்றது என்று அவர் கருதிய காரணம் தவறாயிற்று. கூர்ந்து நோக்குதல் அறிவியலின் முதற்படி மட்டுமே. சோதனை அதன் அடுத்த படி.

கோலாலம்பூரில் நடந்த சோதனை

1905-ஆம் ஆண்டில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் அச்சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பிரிவாகவும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு பிரிவாகவும் பிரித்தார். இரு பிரிவினரும் ஒரேமாதிரியான கட்டடங்களில் தங்கினர். ஒரு பிரிவினர்க்கு வெள்ளை அரிசி. மற்றவர்க்குப் புழுங்கல் அரிசி. நோய்க்குக் கட்டடமே காரணமோ என்னும் ஐயம் எழாதிருக்க, இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் வைத்தார். வெள்ளை அரிசி உண்டோருள் பலர் பெரிபெரிக்கு ஆளாயினர், சிலர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டோருள் புதிதாக எவரையும் நோய் பற்றவில்லை.

தம் இசைவைத் தெரிவிக்க இயலாத நோயாளிகளை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்துவதை இன்றைய மருத்துவ நெறி ஏற்காது. எனினும், அன்று அவர்கள் பட்ட துன்பத்தினால் விளைந்த அறிவு பின்னர் எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டேன்டன் ஆகிய இருவரும் 1907-இல் இவ்வாய்வைத் தொடர்ந்தனர். நெகிரி செம்பிலானில் சாலை அமைத்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தபோதும் அதே விளைவு கிட்டியது. வெள்ளை அரிசியில் நஞ்சு ஏதும் இல்லை, அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு ஒரு சத்து நீங்கிவிடுகின்றது என்பதை அவர்கள் தெளிவுபடுத்தினர். அச்சத்து 1926-இல் ஜாவாவில் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. தயமின் எனப்படும் வைட்டமின் பி-1 அதுவே. சோற்றிலுள்ள மாவுச்சத்தை உடல் ஆற்றலாக மாற்றுவதற்கு அது இன்றியமையாதது.

நெல்லை வேகவைக்கும்போது உமியின் அடியிலுள்ள இச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குச் சென்று தங்குகின்றது. பின்னர் தீட்டினாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. நம் பாட்டிமார் வைட்டமின் என்னும் சொல்லையே கேட்டறியாதவர்கள். ஆயினும், அவர்கள் பொங்கிய புழுங்கல் அரிசிச் சோறு அவர்தம் குடும்பத்தைக் காத்து நின்றது. அவர்கள் அறியாது பெற்ற நன்மையை நம் பிள்ளைகள் அறிந்து பெற வேண்டும்.

பிள்ளைகள் செய்து பார்க்கக்கூடியவை

பிளெட்சர் கையாண்ட விதி மிக எளியது. இரண்டை ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்ற யாவும் ஒத்திருக்க வேண்டும். இவ்விதியைப் பத்து வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை.

முதலாவது, பச்சைப் பயற்றை ஓர் இரவு ஊறவைத்து, ஈரப் பஞ்சு பரப்பிய இரண்டு கிண்ணங்களில் இடச் செய்யலாம். ஒன்று வெளிச்சத்திலும் மற்றது இருட்டிலும் இருக்கட்டும். இரண்டிற்கும் ஒரே அளவு நீர் தெளிக்க வேண்டும். சில நாளில் வெளிச்சத்தில் வளர்ந்தது பச்சை நிறமாகவும், இருட்டில் வளர்ந்தது வெளிறி நீண்டும் காணப்படும். சந்தையில் விற்கும் தவுகே அவ்வாறு வெளிறியிருப்பதன் காரணம் அப்போது விளங்கும். உலர்ந்த பயற்றில் மிகக் குறைவாக உள்ள வைட்டமின் சி முளைவிடும்போது பெருகுகின்றது என்பதையும் அவ்வேளையில் எடுத்துரைக்கலாம்.

இரண்டாவது, ஒரே ரொட்டியின் இரு துண்டுகளை எடுத்துக்கொள்க. விளையாடி வந்த கையால் ஒன்றையும், சவர்க்காரமிட்டுக் கழுவிய கையால் மற்றதையும் தொட்டு, தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டி, ஒரே இடத்தில் வைக்கச் செய்க. நாள்தோறும் பார்த்து எழுதி வரட்டும். பூஞ்சை எதில் முன்னர்த் தோன்றுகின்றது, எதில் மிகுதியாகப் படர்கின்றது என்பதைப் பிள்ளையே கூற வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் இருப்பினும் அதையும் உள்ளபடியே எழுதட்டும். காற்றிலும் பூஞ்சை வித்துகள் உள்ளன. மீண்டும் ஒருமுறை செய்து பார்ப்பதே அதற்கு வழி. பைகளைத் திறவாமல் அப்படியே குப்பையில் எறிதல் வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியரின் மேற்பார்வையில் சோறு, மரவள்ளிக் கிழங்கு, முட்டை வெள்ளை ஆகியவற்றின் மீது ஒவ்வொரு துளி அயோடின் இட்டுப் பார்க்கலாம். மாவுச்சத்து உள்ளவை கருநீலமாக மாறும், முட்டை மாறாது. சோறும் கிழங்கும் ஒரே இனத்தவை; ஆகவே, ஒன்றுக்கு மற்றொன்று துணைக்கறி ஆகாது என்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பர். சோதித்த உணவை உண்ணலாகாது.

நம் இல்லங்களில் செய்ய வேண்டுவன

பிள்ளைகள் கற்றது வீட்டில் பயன்பட வேண்டும். இன்று பல இல்லங்களில் வெள்ளை அரிசியே பொங்கப்படுகின்றது. அதனால் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், வெறுஞ்சோற்றோடு நிறுத்தலாகாது. பருப்பு, பயறு, முட்டை, மீன், நெத்திலி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நாள்தோறும் சேரட்டும். தயமின் நீரில் கரையும் தன்மையுடையது. ஆகவே, அரிசியைப் பன்முறை தேய்த்துக் கழுவுவதும் வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் சத்தை வீணாக்கும்.

முருங்கைக் கீரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. வேலியோரத்தில் ஒரு கிளையை நட்டாலே போதும். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க எலுமிச்சைச் சாறு துணைபுரியும். உணவோடு பருகும் தேநீரோ அதனைத் தடுக்கும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்து, பாடத்தில் கருத்தூன்ற இயலாது தவிக்கும். அதனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், அது உண்பது என்னவென்று பார்த்தல் நம் கடமை. வெளிறிய முகமும் ஓயாத களைப்பும் தென்பட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பொழுது புலருமுன் பால் வெட்டச் செல்லும் பெற்றோர்க்குக் காலை வேளையில் அவகாசம் குறைவு என்பதை நாம் அறிவோம். முதல்நாளே அவித்து வைத்த பயறும், உரித்தால் உண்ணக்கூடிய வாழைப்பழமும், வெறும் தேநீரைவிடப் பன்மடங்கு மேலானவை. டின்பால் கலந்த நீரைப் பாலென்று எண்ணி ஏமாறுதலும் வேண்டா. அதில் மிகுந்திருப்பது சர்க்கரையே.

எல்லாவற்றிற்கும் மேலாக, "ஏன்?" என்றும் "எப்படித் தெரியும்?" என்றும் பிள்ளை கேட்கும்போது அதனை வாயடக்காதிருப்போம். விடை தெரியாவிடில், "வா, இருவரும் செய்து பார்ப்போம்" என்று கூறுவோம். அவ்வாறு தானே கண்டறிந்த உண்மையைப் பிள்ளை எளிதில் மறவாது. தன் தம்பி தங்கையர்க்கும் எடுத்துரைக்கும். நாளை தன் பிள்ளைகளுக்கும் கற்பிக்கும்.