பெருநாள் விருந்து: அடுப்படியில் நிற்பவருக்கும் அது பெருநாள்தான்

இன்ஷா அல்லாஹ், இன்னும் சில நாட்களில் நோன்புப் பெருநாள். சாச்சா வீட்டார், மாமா வீட்டார், கட்டிக் கொடுத்த பெண்மக்கள், மருமக்கள் என்று 40 பேர் ஒரே வீட்டில் கூடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். கூடத்தில் முஸாபஹாவும் சிரிப்பும் நடக்கும். அடுப்படியில் நிற்கும் தாய்மாருக்கோ தொழப் போகவும் நேரம் இருக்காது. பெருநாள் திடலுக்குப் பெண்களையும் வரச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அப்படியிருக்க, பிரியாணிக்காக அவர்களை வீட்டில் நிறுத்துவது சரியா என்று ஆண்கள்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

இந்தப் பெருநாளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 29-இல் பிறை தெரியுமா, 30 பூர்த்தியாகுமா என்பது அன்று மாலைதான் தெரியும். அறிவிப்பு வந்தபின் கடைத்தெருவுக்கு ஓடினால் இரவுத் தூக்கம் போய்விடும். எனவே ஒருநாள் தள்ளிப்போனாலும் கெடாத வேலைகளை 28-ஆம் நோன்புக்குள் முடித்துவிடலாம். வெங்காயத்தைப் பொன்னிறமாகப் பொரித்து, ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். இஞ்சி பூண்டு விழுதில் கொஞ்சம் உப்பும் எண்ணெயும் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தால் அப்படியே இருக்கும். அரிசியைக் கல் பொறுக்கி வைப்பது, பாய், தேக்சா இரவல் கேட்பது எல்லாம் இதில் அடங்கும். கறியை மட்டும் முன்னதாக வாங்காதீர்கள். கடைக்காரரிடம் எடையைச் சொல்லிவைத்து, பிறை அறிவித்தபின் வாங்கித் தயிர், மசாலாவில் ஊறவிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

சீரகச் சம்பா ஒரு கிலோவுக்குக் கறி ஒரு கிலோ போட்டால் எட்டுப் பேர் தாராளமாக உண்ணலாம். 40 பேருக்கு ஐந்து கிலோ. இதை ஒரே தேக்சாவில் ஏற்றினால் வீட்டுக் கேஸ் அடுப்பு தாங்காது. அடி பிடிக்கும், மேலே அரிசி வேகாது. இரண்டாகப் பிரித்து, தம் போடும்போது அடியில் தோசைக்கல் வைப்பது நல்லது. உடன் தாளிச்சா, தயிர்ப் பச்சடி, ஓர் இனிப்பு போதும். ஏழெட்டு வகை வைப்பது பெரும்பாலும் பேருக்குத்தான். இப்ராஹீம் (அலை) விருந்தாளிகளுக்கு அரவமின்றி உள்ளே போய் ஒரே ஒரு கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டு வந்ததாகத்தான் குர்ஆன் சொல்கிறது. கையைக் கடிக்கிற செலவென்றால் தாளிச்சா ஒரு வீட்டார், இனிப்பு ஒரு வீட்டார் என்று பகிர்வதில் வெட்கம் இல்லை. கடன் வாங்கி வைக்கும் விருந்தைவிட அது மேல்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். லுஹர் முடிந்து ஒன்றரைக்குப் பந்தி என்றால் ஒரு மணிக்குள் தம் முடிய வேண்டும். பத்தரைக்கு அடுப்புப் பற்றவைத்தால் போதும். அதற்குமுன் எல்லோரும் பேரீச்சம்பழம் உண்டு, ஃபித்ராவைக் கொடுத்துவிட்டு, தொழுதுவிட்டு வரலாம். பாய் விரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வீட்டு இளைஞர்கள் பொறுப்பு என்று முதல்நாளே பெயர் சொல்லிப் பிரித்துவிட வேண்டும். “யாராவது செய்வார்கள்” என்றால் அந்த யாராவது உம்மாதான். சஹனில் சேர்ந்து உண்டால் கழுவுவதும் குறையும், வீணாவதும் குறையும். முதியவர்களுக்கும் இருமல், சளி உள்ளவர்களுக்கும் தனித் தட்டு வையுங்கள்.

மீதியில் கவனம் தேவை. சோற்றிலுள்ள சில கிருமிகளின் வித்துகள் வெந்தாலும் சாவதில்லை. சோறு சும்மா இருக்கும்போது அவை பெருகி நஞ்சைச் சுரக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே மாலை வரை தேக்சாவிலேயே மூடிவைக்காமல், இரண்டு மணி நேரத்துக்குள், கடும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள், அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள்.

மஹல்லாவில் தனியாக இருக்கும் முதியவருக்கும், வாசலுக்கு வந்து கேட்கத் தயங்கும் பக்கத்து வீட்டாருக்கும் உரியதைத் தம் உடைத்ததும், பந்திக்கு முன்பே டப்பாவில் எடுத்து அனுப்பிவிடுங்கள். மிஞ்சியதை மாலையில் அனுப்ப வேண்டாம்.